பேசாத தேனீயே போதும்

ஆறு வயதுப் பிள்ளைகளிடம் "முன்பின் தெரியாத ஆள் கேட்டால் உன் பெயரைச் சொல்வாயா?" என்று கேளுங்கள். வகுப்பே ஒரே குரலில் "மாட்டோம் டீச்சர்" என்று கத்தும். "இலவசப் பரிசு என்று திரையில் வந்தால் அழுத்துவாயா?" அதற்கும் மாட்டோம். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிகளில் இணையப் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் எங்களுக்கு இந்தக் கூட்டுக் குரல் காதில் தேனாகப் பாயும். பாடம் ஏறிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி, சுவரொட்டி ஒன்றையும் ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். ஆனால் ஆசிரியருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் அந்தப் பதிலில் இருந்து தெரிய வருவது. பிற்பகலில் பாட்டியின் கைத்தொலைபேசியில் "இலவச ரோபக்ஸ்" என்று விளையாட்டுக் காசைக் காட்டி ஒரு பெட்டி மினுக்கும்போது அந்தப் பிள்ளையின் விரல் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. இந்த வயதில் இணையப் பாதுகாப்பை விதிகளாகச் சொல்லிக்கொடுப்பதில் பயன் குறைவு; கைக்கும் வாய்க்கும் பழக்கமாக ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றுவதற்கு வகுப்பறையில் கிடைக்கும் ரோபோக்களிலேயே ஆக மக்கான ரோபோதான் ஆகச் சிறந்தது. பேசுகிற, கண் சிமிட்டுகிற, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ரோபோ இந்தப் பாடத்துக்கு ஆகாது என்பது இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

விதியை ஒப்பிப்பதற்கும் நேரம் வரும்போது அதன்படி நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை, பிள்ளைகள் கைக்கு இணையம் வருவதற்கு முன்பே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவில் போச், யோடர், மில்டன்பர்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள், பிள்ளை கடத்தலைத் தடுக்கும் பயிற்சிகளில் எது பலிக்கிறது என்று ஒப்பிட்டார்கள். பாலர் வகுப்பு, முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் காணொளி பார்த்து, பார்த்ததை நடித்தும் பழகினார்கள். இன்னொரு பகுதியினர் காணொளி மட்டும் பார்த்தார்கள். மூன்றாவது பகுதிக்கு வழக்கமான பாதுகாப்பு வகுப்பு, நான்காவதற்கு எதுவுமில்லை. பிறகு, ஏற்பாடு செய்யப்பட்ட ஓர் ஆள் வந்து தன்னோடு வரும்படி கூப்பிட்டார். எந்தப் பயிற்சியும் பெறாத பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உடனே சம்மதித்துவிட்டார்கள். வழக்கமான பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட அது பலிக்கவில்லை. நடித்துப் பழகியவர்கள்தான் தேறினார்கள். அந்த வழக்கமான வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க எங்களுக்குச் சிரமமே இல்லை. நாங்கள் நடத்திக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதைத்தான். போதாக்குறைக்கு, நாங்கள் சொல்லும் விதியே இணையத்தில் பிடி கொடுப்பதில்லை. முன்பின் தெரியாதவரோடு பேசாதே என்கிறோம். விளையாட்டில் பத்து நிமிடம் கூட ஓடியவர் பிள்ளைக்கு அதற்குள் கூட்டாளி ஆகிவிடுகிறார். ஆள் யார் என்பதைப் பிள்ளையால் கணிக்க முடியாது. என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்க முடியும். பெயர், படம், ரகசியம் இவற்றில் ஒன்றைக் கேட்டால், அல்லது பார்த்தது வயிற்றைப் பிசைந்தால், கையை எடு, திரும்பு, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் சொல். பழக்க வேண்டியது இந்த மூன்று அசைவுகளை.

இங்கேதான் தேனீ வருகிறது. சிங்கப்பூரில் 2015 வாக்கில் அரசாங்கத்தின் தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம் 'பிளேமேக்கர்' என்ற திட்டத்தின் வழியாக 160 பாலர் பள்ளிகளுக்கு விளையாட்டுக் கருவிகளைக் கொண்டுவந்தது. பீ-பாட், கிபோ, ஒட்டுமின்சுற்று வில்லைகள் ஆகியவை அவற்றில் சில. பீ-பாட் என்பது உள்ளங்கையில் அடங்காத அளவுள்ள மஞ்சள் கறுப்புத் தேனீ. முதுகில் நான்கு அம்புக்குறிகள், நடுவில் 'கோ' என்ற பச்சைப் பொத்தான், பழையதை அழிக்க ஒன்று, சற்று நிற்க ஒன்று. ஓர் அம்பை அழுத்தினால் 15 செ.மீ. முன்னே போகும் அல்லது பின்னே வரும். பக்கவாட்டு அம்பு என்றால் நின்ற இடத்திலேயே கால் வட்டம் திரும்பும். 1960-களின் இறுதியில் சேமர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய லோகோ மொழிக்குப் பின்னால் வந்த தரை ஆமையின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். இதற்குக் கேமரா கிடையாது, இணையம் கிடையாது. புதிய மாதிரிகளில் குரலைப் பதிந்து வைக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

இந்தத் தேனீயிடம் ஒரு தொல்லை உண்டு. அதுதான் நம் பாடத்துக்கு வரம். புதிதாக அழுத்தும் கட்டளை பழைய கட்டளைகளின் வாலில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் அடுத்த பிள்ளை ஒரே ஓர் அம்பை அழுத்தி 'கோ' கொடுத்தால், முந்தைய பிள்ளை போட்ட அத்தனையையும் முதலில் செய்துவிட்டுத்தான் தேனீ இந்த ஓர் அடியை எடுத்து வைக்கும். ஒரு கட்டம் போக வேண்டியது பாயின் விளிம்பைத் தாண்டி அலமாரிக்கு அடியில் புகுந்துவிடும். பிள்ளைகள் முதலில் தேனீக்குப் பைத்தியம் என்பார்கள், அப்புறம் கெட்டுப்போச்சு என்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதைச் செய்யச் சொன்னது யார்?" தேடினால் ஆள் கிடைப்பார். எனக்கு முன்னால் விளையாடியவர் சொன்னது உள்ளேயே இருந்திருக்கிறது, இயந்திரம் மறக்கவில்லை, அது தானாக எதையும் செய்யவில்லை என்ற மூன்று செய்திகளையும் எந்த விளக்கமும் இல்லாமல் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. பெரியவர்களுக்கே புரியவைக்கத் திணறும் விஷயம் இது. யூடியூப் அடுத்த காணொளியைத் தானாக ஓட்டுவதேன் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் "அது அப்படித்தான்" என்பதுதான் பதில். தேனீயோடு பழகிய பிள்ளைக்கு வேறு பதில் கிடைக்கிறது. நேற்று நானும் அண்ணனும் அழுத்தியதெல்லாம் உள்ளே இருக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர், இப்படி அழுத்தினால் இப்படிக் காட்டு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார். திரைக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்ற இந்த ஒரு தெளிவு, நூறு எச்சரிக்கைக்குச் சமம். நிற்கும் பொத்தானும் இதே போலத்தான். தேனீ வழியில் சற்று நிற்க வேண்டுமானால் அதை முன்கூட்டியே கட்டளையாகப் போட்டு வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஓட்டத்தில்தான் ஆசை, அந்தப் பொத்தானைத் தாமாகத் தொடுவதே அபூர்வம். எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வைப்பது, ஒத்திகையின் பாதி வேலை.

மீதிப் பாதி, கட்டம் போட்ட பாயில் அட்டைகளை வைத்து நடக்கிறது. ஓர் அட்டையில் கார்ட்டூன், ஒன்றில் மினுக்கும் பரிசுப் பெட்டி, ஒன்றில் "உன் வீடு எங்கே?" என்று கேட்கும் முகம் தெரியாத ஆள், ஒன்றில் பயமுறுத்தும் படம், ஒன்றில் பூட்டும் சாவியும். தேனீயைக் கார்ட்டூனுக்கு அனுப்பும் வழியில் எந்த அட்டையில் அது நின்றாலும், பிள்ளை கையை எடுத்து, எழுந்து, திரும்பி, பெரியவராக நடிப்பவரிடம் போய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரோபோவின் வேலை அட்டையைக் கொண்டுவந்து நிறுத்துவதோடு முடிந்தது. மற்றதெல்லாம் பிள்ளையின் உடம்பு செய்ய வேண்டியது. இதைத் தாய்மொழி வகுப்பில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் பல தமிழ்ப் பிள்ளைகள் திரையோடு ஆங்கிலத்தில் பழகுகிறார்கள்; பள்ளி விட்டு வந்த பிறகு அருகில் இருப்பதோ தாத்தா பாட்டி. அம்மாவும் அப்பாவும் வேலையில் இருந்து திரும்ப இருட்டிவிடும். பார்த்தது ஆங்கிலத்தில், சொல்ல வேண்டியது தமிழில். "பாட்டி, இதக் கொஞ்சம் பாருங்க, யாரோ என்னோட போட்டோ கேக்குறாங்க" என்ற ஒரு வரி வாயில் தயாராக இல்லாவிட்டால், சொல்ல மனம் இருந்தும் பிள்ளை சொல்லாமலே விட்டுவிடும். முன்னே, பின்னே, இடம், வலம் என்று தேனீயை நடத்தும் அதே அரைமணி நேரத்தில் இந்த வரியையும் ஏற்றிவிடலாம்.

பிள்ளை சொல்லாமல் விடுவதற்கு மொழியைவிடப் பெரிய காரணம் பயம். திட்டு விழும், கைத்தொலைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற கணக்கை ஐந்து வயதுப் பிள்ளை கச்சிதமாகப் போடும். இந்தக் கணக்கைக் கலைப்பதில் தேனீக்கு ஈடு இல்லை. ஏனென்றால் தேனீ வழி தவறும்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை. எந்த அடியில் பிசகியது என்று எல்லாரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேடுகிறார்கள், ஓர் அம்பை மாற்றுகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். நிரல் எழுதுபவர்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுதான். பிழையைக் காட்டியவருக்குத்தான் அங்கே மரியாதை. இந்த மரியாதைக்குப் பழகிய பிள்ளை, "டீச்சர், தப்பா போயிடுச்சு" என்று சொல்லக் கூசுவதில்லை. இணைய ஆபத்து பற்றிய பெரும்பாலான பாடங்கள் இதற்கு நேர் எதிராகப் போகின்றன. கெட்ட ஆள், கெட்ட படம், கெட்ட பிள்ளை என்று பயத்தை ஏற்றிவிட்டு, பிறகு எங்களிடம் வந்து சொல் என்கின்றன. இப்படிப் பழக்கினால் பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் ஓடிவந்து கோள் சொல்வார்களே என்று சக ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. சொல்வார்கள்தான். விளம்பரத்தில் வரும் சுறாமீனைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். பத்துப் பொய் எச்சரிக்கையைக் கேட்கும் பொறுமைதான் பதினோராவது உண்மையான எச்சரிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை.

கிபோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்கட்டைகளைக் கோத்து, அவற்றில் உள்ள பட்டைக் குறியீடுகளை ஸ்கேன் செய்து ஓட்டும் ரோபோ அது; திரையே தேவையில்லை. பிள்ளைகளுக்கான கணினிக் கல்வியில் பெயர் பெற்ற மரீனா உமாஷி பெர்ஸின் ஆய்வில் பிறந்தது. சிங்கப்பூரில் ஐந்து பாலர் பள்ளிகளில் 98 பிள்ளைகளோடு நடனத்தையும் பாட்டையும் சேர்த்து இதைப் பயன்படுத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இந்த வயதுப் பிள்ளைகளால் கட்டளைகளை வரிசைப்படுத்த முடிகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. என் கவனம் வேறொன்றில். கிபோவின் ஒலி உணரி ஒரு காது வடிவில் இருக்கும். பிள்ளை அதைத் தன் கையால் செருகினால் கைதட்டலைக் கேட்டு ரோபோ கிளம்பும். பிடுங்கிவிட்டால் எவ்வளவு தட்டினாலும் அசையாது. இயந்திரத்துக்குக் காது எங்கே இருக்கிறது, அதை யார் செருகினார்கள், கழற்ற முடியுமா என்ற மூன்று கேள்விகளும் இந்த விளையாட்டிலேயே அடங்கிவிடுகின்றன. அதே பிள்ளை வீட்டு வரவேற்பறையில் இருக்கும் ஒலிபெருக்கியைச் சுற்றி வந்து காதைத் தேடினால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதன் அருமை 'மை ஃபிரண்ட் கேய்லா' பொம்மையின் கதையை அறிந்தவர்களுக்குப் புரியும். பிள்ளையோடு பேசும் அந்தப் பொம்மைக்குள் ஒலிவாங்கி வெளியே தெரியாமல் இருந்தது. புளூடூத் இணைப்புக்குத் தடுப்பே இல்லாததால் அருகில் இருக்கும் யாரும் தங்கள் கைத்தொலைபேசியை அதோடு இணைத்துவிட முடிந்தது. 2016 டிசம்பரில் நார்வேயின் நுகர்வோர் மன்றம் இதை அம்பலப்படுத்தியது. 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சிக் கட்டமைப்பு ஆணையம் அதை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிவித்துத் தடை செய்தது. வீட்டில் இருந்தால் செயலிழக்கச் செய்துவிடுங்கள் என்றும் பெற்றோரைக் கேட்டுக்கொண்டது.

இனி, பேசும் ரோபோவுக்காக வாதாடுகிறவர்கள். பிள்ளைகள் அதனோடு ஒட்டிக்கொள்கிறார்கள், அது சொன்னால் கேட்கிறார்கள், திரையில் தெரியும் உருவத்தைவிட முன்னால் நிற்கும் ரோபோ கற்றலுக்கு உதவுகிறது என்பது இவர்கள் வாதம். உண்மைதான். டோனி பெல்பேமும் கூட்டாளிகளும் 2018-இல் தொகுத்த ஆய்வு மதிப்பீடும் அந்தப் பக்கமே பேசுகிறது. சொற்களஞ்சியம் கற்பிக்க, உச்சரிப்புப் பழக்க அப்படி ஒரு ரோபோ கிடைத்தால் நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்புப் பாடத்தில் அந்த ஒட்டுதலே விஷமாகிறது. அதே 2018-இல் ஃபோல்மர் தலைமையிலான குழு, கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லும் பழைய சோதனையை ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தது. தனியாக இருந்தபோது 87 விழுக்காடு சரியாகச் சொன்ன பிள்ளைகள், நாவோ என்ற மனித உருவ ரோபோக்கள் மூன்று பக்கத்தில் இருந்து வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னபோது 75 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். அவர்கள் செய்த தவறுகளில் 74 விழுக்காடு, ரோபோ சொன்ன அதே தவறு. பெரியவர்கள் ரோபோக்களுக்கு மசியவில்லை. கண்ணெதிரே கோடு இருக்கும்போதே ரோபோவின் பேச்சை நம்பும் பிள்ளைக்கு, "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே" என்று ரோபோவைக் கொண்டு சொல்ல வைத்தால் அது எதைக் கற்கும்? ரோபோ சொன்னால் கேட்க வேண்டும் என்பதைத்தான். நாளைக்கு இன்னொரு இனிமையான குரல் "என்னிடம் மட்டும் சொல்" என்று கேட்டால் அதற்கும் இதே கீழ்ப்படிதல் தயாராக இருக்கும். பேசும் இயந்திரங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது என்பதாலேயே, இயந்திரத்துக்குக் கட்டளை போடுகிறவராகப் பிள்ளையை முதலில் உட்கார வைக்க வேண்டும். அதன் பேச்சைக் கேட்பதெல்லாம் பிறகு.

எனக்கே கொஞ்சம் கடினமாகப் படும் ஆட்சேபம் வேறு. பாயில் ஊரும் தேனீக்கும் கையில் மினுக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம், அங்கே பழகியது இங்கே எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. 1988 ஆய்வு தெருவில் வரும் ஆளைப் பற்றியது, திரையைப் பற்றியது அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தேனீயோடு பாடம் முடிவதில்லை. பழகிய அசைவை, அது உண்மையில் தேவைப்படும் இடத்தில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது இந்தப் பயிற்சி முறையின் அடிப்படை. ஆகவே கடைசிக் கட்டத்தில் உண்மையான தட்டைக் கணினியை எடுத்து, காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நாமே செய்து வைத்த பரிசுப் பெட்டிப் படத்தை வரவைத்து, பிள்ளை கையை எடுக்கிறதா, திரும்புகிறதா, சொல்கிறதா என்று பார்க்கிறோம். அப்படியானால் முதலிலிருந்தே தட்டைக் கணினியில் நடத்தலாமே என்றால், ஓடும் படத்துக்கு எதிரே ஆசிரியரின் குரல் எடுபடாது. கையை எடு என்று பழக்க வேண்டிய பொருளிலேயே கையை ஒட்ட வைப்பதில் அர்த்தமும் இல்லை. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025-இல் புதுப்பித்த வழிகாட்டியும், 18 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் போக ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கும் குறைவான திரைநேரமே தகும் என்கிறது. திரை இல்லாமல் திரையைப் பற்றிப் பேச வழி இருக்கும்போது அதை விடுவானேன்.

காசு பற்றிய கேள்வி வேறு விதம். ரோபோவே எதற்கு, ஒரு பிள்ளையின் தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ரோபோவாக நடிக்க வைக்கலாமே என்பார்கள். நடிக்க வைக்கலாம், நாங்களும் செய்கிறோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ரோபோவாக நடிக்கும் பிள்ளை நாற்காலியைக் கண்டால் ஒதுங்கும், கட்டளை தப்பாக இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளும். தேனீ போய் முட்டும். சொன்னதைச் சொன்னபடி செய்து, நல்லது கெட்டது பார்க்காமல் போய் முட்டுகிற அந்தக் குணத்தை மனிதரால் நடித்துக் காட்ட முடிவதில்லை. அதற்காக ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. வகுப்புக்கு ஒன்று போதும். மற்றதைத் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு முடித்துக்கொள்ளலாம். விலை அதிகமான கருவியை விற்க வருகிறவர்களிடம், இதற்கு ஒலிவாங்கியோ கேமராவோ உண்டா, பதிவாவது எங்கே போகிறது, இணையம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். தடுமாறினால் வாங்காதீர்கள்.

இதெல்லாம் நிறுவனங்களின் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டும் வேலை என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. 2015-இல் விடெக் என்ற பொம்மை நிறுவனத்தின் சேமிப்பகம் உடைபட்டபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்கள் வெளியேறின. அந்தப் பிள்ளைகள் எந்த ஒத்திகை பார்த்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது; செயலிக் கடைகள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிமுறை 2025 மார்ச் இறுதியில் வந்தது. இன்னும் கடுமையாக வரட்டும். ஆனால் கைத்தொலைபேசி பாட்டியுடையது, கணக்கு அப்பாவுடையது, அதை வைத்திருக்கும் கை மட்டும்தான் பிள்ளையுடையது என்ற வீட்டு நிலவரத்தில் வயதுச் சரிபார்ப்பு அப்பாவின் வயதைத்தான் சரிபார்க்கும். ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "இதப் பாருங்க" என்று நீட்டினால், கையில் இருந்து பிடுங்காதீர்கள். முதலில் பாருங்கள், சொன்னதற்கு நல்ல பிள்ளை என்று சொல்லுங்கள், திரையை மூடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிளேமேக்கர் காலத்துத் தேனீ உங்கள் பள்ளி அலமாரியில் இன்னும் கிடந்தால் எடுத்துச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், சக ஆசிரியர்களே. அட்டைகளை நீங்களே வரைந்துகொள்ளலாம்.